நாற்பது நாள் முடிந்ததும் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: டாக்டர் ஐயா, தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4. ஒவ்வொரு ஜனவரியிலும் ஓராண்டில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணையையும் ஒரு மணி நேர நடையையும் சேர்த்தே தொடங்குவேன். வேதத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வரும்போது இரண்டும் நின்றுவிடும். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம்) மறுபடியும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஜெபம், மதியம்வரை உபவாசம், மாலையில் நடை. ஈஸ்டர் முடிந்த வாரமே எல்லாம் போய்விடும். இந்த லெந்தில் இரண்டு முறை காலை 11 மணி வாக்கில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. விசுவாசம் குறைகிறது என்று நினைத்து, மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். நான் நடக்கப் போவதைப் பார்த்து எங்கள் ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி), "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று வசனமே இருக்கிறதே, அந்த நேரத்தில் ஜெபிக்கலாமே" என்றார்கள். நான் ஏன் எதிலும் நிலையாக நிற்பதில்லை? தேவனுக்கு முன் ஒரு பொருத்தனை (நேர்ந்துகொள்வது) பண்ணிக்கொண்டால் நிற்பேனா? முழங்கால் வலியும் இருக்கிறது. முழங்காலில் நின்று ஜெபிக்க முடியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன். இருப்பதில் அதுதான் அவசரம். 11 மணிக்குக் கை நடுங்கி வியர்த்ததற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அப்படித்தான் இருக்கும். கிளிமெபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, உபவாசம் இருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தன் வேலையைச் செய்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வகுப்பில் நின்றால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். பிள்ளைகள் முன்னால் நீங்கள் மயங்கி விழாமல் போனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி எப்போது அப்படி வந்தாலும் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும், பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கும் அது தெரிந்திருக்கட்டும். உபவாசம் முறிந்துவிடுமே என்று அந்த நேரத்தில் தயங்கவே கூடாது.

உபவாசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லெந்து தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் போய், "இத்தனை நாள், இத்தனை மணி வரை சாப்பிடாமல் இருக்க விரும்புகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ, போடும் நேரத்தையோ, மருந்தையேகூட அவர் மாற்றித் தருவார். சிலருக்கு, "நீங்கள் சாப்பாட்டை விட வேண்டாம், வேறு எதையாவது விடுங்கள்" என்றும் சொல்வார். அப்படிச் சொன்னால் கீழ்ப்படியுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டாம். 8.4 என்பது அதற்கு இடம் கொடுக்கிற எண் அல்ல.

எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்த இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைவரை நாற்பது நாள் நடை. சோர்ந்துபோன ஒரு தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் சாப்பாடும். அவர் தேவனுடைய சத்தத்தைக் கேட்டது அதற்கப்புறம்.

ஐயரம்மா சொன்ன வசனத்துக்கு வருகிறேன். அவர்கள் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். விவாகம் பண்ணாதே, இன்ன உணவைச் சாப்பிடாதே என்று போதிக்கிறவர்களைப் பவுல் அங்கே எதிர்க்கிறார். தேவன் படைத்தது எல்லாம் நல்லது என்கிறார். சரீரத்தை வெறுக்கிற உபதேசத்துக்கு எதிராக எழுதிய அதிகாரத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, நடக்கப் போகிறவரைத் தடுப்பது பொருந்தாது. அந்த வரியும் சரீர முயற்சிக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. தேவபக்தி இந்த ஜீவனுக்கும் வரப்போகிற ஜீவனுக்கும் உதவுகிறது. அதோடு ஒப்பிட்டால் இது சிறியது என்கிறது. சிறியதுதான். ஆனால் உங்கள் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் இன்னும் முப்பது வருடம் உழைக்க வேண்டுமே, அந்தச் சிறிய பயன் உங்களுக்குத் தேவை. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில் தீமோத்தேயுவின் வயிற்றையும் அடிக்கடி வரும் பலவீனத்தையும் விசாரித்து யோசனை சொல்கிறவரும் இதே பவுல்தான். அப்போஸ்தலர் 20-ல் மற்றவர்கள் ஆசோவுக்குக் கப்பலில் போகும்போது அவர் மட்டும் துரோவாவிலிருந்து தரைவழியே போகிறார். 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்! ஏன் என்று லூக்கா எழுதவில்லை. அந்தத் தனிமையில் அவர் ஜெபித்துக்கொண்டே போயிருப்பார் என்றுதான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வழியாகச் சென்னைக்கு வந்து 1920-ல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப்போனவரும் அவரே. உங்கள் பள்ளியில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கிறதல்லவா? தென்னிந்தியாவில் அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பிய முன்னோடிகளில் அந்தக் கல்லூரி ஒன்று. சரீரத்தைப் பழக்குவதும் ஊழியம் என்று நினைத்தவர்கள் கட்டியது அது. ஐயரம்மாவிடம் வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை; உங்கள் மனதில் இருக்கிற குற்றவுணர்வு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குற்றவுணர்வோடு நடக்கிறவர் அதிக நாள் நடக்கமாட்டார்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. ஏன் நிற்பதில்லை?

லெந்தில் உங்களைத் தாங்குவது உங்கள் மன உறுதி மட்டும் இல்லை. கோயில் மணி அடிக்கிறது. வெள்ளிக்கிழமை ஆராதனை இருக்கிறது. ஊரில் பாதிப்பேர் உபவாசம், வீட்டில் மீனும் கறியும் வாங்குவதில்லை. எல்லாம் சேர்ந்து உங்களைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஈஸ்டர் ஞாயிறு மதியத்தோடு அத்தனையும் ஒரே நாளில் விலகிவிடும். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் தனியாக எழுந்திருக்க வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களில் பலர் உங்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு உட்காருகிறார்கள். தங்களுக்குப் பக்தி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த நாற்பது நாளுக்கென்று கட்டிய ஏற்பாட்டில் நாற்பத்தொன்றாம் நாளுக்கு எதுவும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது நாள் என்பது பழக்கம் ஒட்டுவதற்குப் பலருக்குப் போதாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழகுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: 18 நாள் முதல், 12 வாரத்துக்கு அப்பாலும் கணக்குப்போட்டு மதிப்பிட்டதில், 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்ற சின்னக் காரியங்கள் சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஏதும் வரவில்லை. தொடர்ந்து செய்தபோது பழக்கம் வளர்ந்துகொண்டே போனது.

நீங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. ஒரு நாள் தவறினால் உங்களுக்கு அது பாவம்போலத் தோன்றுகிறது. அதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு செய்யப் பார்க்கிறீர்கள். வேதவாசிப்பில் கணக்கு இன்னும் கொடுமை. 66 புத்தகங்களிலும் மொத்தம் 1,189 அதிகாரம்; நாளுக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். பத்து நாள் விட்டால் முப்பத்துச் சொச்சம் அதிகாரம் கடனாக ஏறிவிடும். அந்தக் கடனோடு லேவியராகமத்துப் பலிகளுக்குள் யார் போவார்கள்? கடனை இன்றோடு தள்ளுபடி செய்துவிடுங்கள். இன்றைய தேதிக்குரிய பகுதியை மட்டும் வாசியுங்கள், அதுவும் ஒரே ஓர் அதிகாரமாக இருக்கட்டும். முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே.

சரீரமும் சேமித்து வைக்க விடாது. நீங்கள் நடக்கும்போது தொடைத் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடை முடிந்த பிறகும் ஒரு நாள், அதிகம்போனால் இரண்டு மூன்று நாள்வரை, அந்தத் தசைக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதற்குமேல் பலன் கரைந்துவிடும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்கு, தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவத்தில் சொல்கிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் கொடுத்த உணவான மன்னாவை மறுநாளுக்கு மீதம் வைத்தவர்களுக்குப் பூச்சிதான் மிஞ்சியது. அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை ஒரே மூச்சில் பத்துக் கிலோமீட்டர் நடந்து வாரக் கணக்கை முடிப்பதும் அப்படித்தான் ஆகும். ஓய்வுநாளில் மட்டும் அவர்கள் பொறுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். உங்களுக்கும் ஞாயிறு ஓய்வு இருக்கட்டும், தாராளமாக.

இந்த இரண்டு நாள் விதியை உங்கள் ஜெபத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. தவறுவது சகஜம். ஒரு நாள் தவறினால் விசாரணை வேண்டாம், தண்டனை வேண்டாம், இரட்டிப்பும் வேண்டாம். மறுநாள் வழக்கமான அளவை மட்டும் செய்யுங்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. எழுந்ததும் இரண்டு மடங்கு ஓடுவான் என்று அங்கே இல்லை.

நடையை எங்கே வைப்பது? விடியற்காலை இருட்டில், விளக்கில்லாத ரோட்டில், நாய்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக ஒரு மணி நேரம் நடப்பது தினமும் நடக்கிற காரியமா? அதை விட்டுவிடுங்கள். எப்படியும் தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிப்போடுங்கள். ராத்திரி சாப்பாடு தினமும் உண்டு. சாப்பிட்டுக் கைகழுவியதும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, செருப்புக்குப் பதில் ஷூவை மாட்டிக்கொண்டு, 15 நிமிடம். தெருவிலோ, கோயில் வளாகத்திலோ, மழையானால் மொட்டைமாடிக் கொட்டகையிலோ. சாப்பிட்ட உடனே நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைப் பிடிக்க மிகவும் நல்லது. முதல் இரண்டு மாதம் இதைக் கூட்டவே வேண்டாம், உற்சாகம் வந்தாலும் கூட்டாதீர்கள். அது நிலைத்த பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பள்ளி மைதானத்தில் பத்து நிமிடம் சேருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். அங்கே போய்ச் சேருவதற்கு ஓராண்டு ஆனாலும் பரவாயில்லை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் நின்றுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரவில் படுக்குமுன் பாதத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் நடையோடு சேர்ந்ததுதான்.

தானியேலைக் கவனித்திருக்கிறீர்களா? ஜெபத்தைத் தடைசெய்த ராஜாவின் கட்டளை கையெழுத்தானதை அறிந்த பிறகும், பலகணிகள் எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த தன் மேலறையில், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்றுவேளை ஜெபம்பண்ணினார். அதே அறை, அதே பலகணி, அதே நேரம். சிங்கக் கெபிக்கு முன்பாக அவர் விசேஷித்த உபவாசம் எதையும் தொடங்கினதாக அங்கே எழுதியில்லை. ஏற்கெனவே பழகியிருந்தது அவரைத் தாங்கியது. உங்களுக்கும் அப்படி ஓர் இடமும் நேரமும் வேண்டும். அது 4 மணியாக இருக்கக் கூடாது என்பது மருத்துவராக என் கருத்து. ராத்திரி 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, மறுநாள் சர்க்கரை ஏறும். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்ற சங்கீதத்தை நம்பி ஐந்தரைவரை தூங்குங்கள். எழுந்து முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைக்குமுன் பத்து நிமிடம் வேதமும் ஜெபமும். மீதி ஜெபத்தை இரவு நடையில் வைத்துக்கொள்ளலாம். தெருவில் ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் அந்த வீட்டுக்காரருக்காக ஒரு வரி.

பொருத்தனை வேண்டாம் சகோதரி. நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தவறும் நாட்கள் நிச்சயம் வரும்: பரீட்சைக் காலம், கல்யாண வீடு, காய்ச்சல். பொருத்தனை இருந்தால் அந்த ஒவ்வொரு நாளும் தேவனுக்கு முன்பாக வாக்குத் தவறினதாக உங்களைக் குத்தும். பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம் வந்து, ஜெபமும் நின்றுபோகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுவது இப்படித்தான். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டுக்காரரிடமோ பெண்கள் ஐக்கியத்தில் ஒரு தோழியிடமோ, "ராத்திரி எட்டரைக்கு வாங்க, கால் மணி நேரம் நடப்போம்" என்று கேளுங்கள். வாசலில் ஒரு ஆள் வந்து நிற்பது பெரிய பலம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் பக்கத்து ஆட்களிடம் நான் சொல்லாமல் விடாத ஒன்று உண்டு. கருப்பட்டிக் காப்பி சர்க்கரைக்கு ஒன்றும் செய்யாது என்று நம்பாதீர்கள். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கோயில் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) போங்கள், சபையோடு உட்கார்ந்து சாப்பிடுவது நல்ல காரியம். சோற்றைக் குறைத்து, கறியையும் காயையும் போதுமான அளவு வைத்துக்கொண்டு, பந்தி முடிந்ததும் வண்டி ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போங்கள். புதுப் பழக்கம் மூன்று மாதம் ஓடிய பிறகு மூன்று மாதச் சர்க்கரையை மறுபடி பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் பழைய நாட்களும் அதில் கலந்திருக்கும்.

கடைசியாக முழங்கால். வலியோடு தரையில் முழங்காலூன்றி நிற்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபியுங்கள். தாவீது ராஜாவும் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்ததாக 2 சாமுவேல் 7-ல் இருக்கிறது. அந்த நாற்காலியே உங்கள் பயிற்சிக்கும் உதவும். ஆமென் சொன்ன பிறகு, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். முதலில் ஐந்து முறை, பழகியதும் பத்து. முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். தொடையின் முன்தசை பலப்பட்டால் மூட்டின்மேல் விழும் பாரம் குறையும், சர்க்கரையை வாங்கிக்கொள்ள இடமும் கூடும். எழும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூட்டு வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.